பாட்டி படம் ஏன் மங்கிப் போச்சு?



போன வருஷம் எங்க பாட்டி தவறிட்டாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்தைப் பெரிசாக்கி மாலை போடணும்னு அம்மா சொன்னாங்க. நல்ல படம் ஒன்று என்னிடம் இருந்தது. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் நானே எடுத்தது. அதை விரலியில் போட்டு, ரெம்பியாவிலிருந்து அலோர் காஜாவுக்கு மோட்டாரை முடுக்கினேன். ஸ்டூடியோக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது வாட்ஸ்அப்ல வந்த படமாச்சே. ஒரிஜினல் இல்லையா?" என்றார்.

இல்லை. குடும்பக் குழுவில்தான் அனுப்பியாச்சே என்ற தைரியத்தில், கைப்பேசி நிரம்பியதும் நான்தான் அழித்தேன். பொறியியல் படிக்கிற பையன் செய்த வேலை இது!

என்ன நடந்தது என்று கணக்காகவே பார்ப்போம். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்டது. புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். 16 அங்குலப் படமாக அச்சடித்தால் மூலப்படத்தில் அங்குலத்துக்கு 250 புள்ளிகள் கிடைக்கும். சுருங்கிய படத்தில் வெறும் 100தான். சுருக்கும்போது நுணுக்கமும் போய்விடுகிறது. பாட்டியின் முகத்துச் சுருக்கங்கள் எல்லாம் மெழுகு பூசினாற்போல் வந்தன. படம் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் அதில் இருக்காது. அவசரத்துக்கு அனுப்பத்தான் வேண்டுமென்றால், 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். கோப்பு அப்படியே போகும்.

ஆனால் அனுப்புவது வேறு, சேமிப்பது வேறு. சேமிக்கணும்னா ஒயரை மாட்டி மடிக்கணினிக்கு ஏற்றுவதே நம்பகமான வழி.

ஒயரை மாட்டியாச்சு, ஒன்னும் வரலையா? பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள். மலிவாகக் கிடைக்கும் சில ஒயர்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும். தகவல் போகும் கம்பி உள்ளே இருக்காது. ஒயர் சரி என்றால் கைப்பேசியின் பூட்டைத் திறங்கள். ஆண்ட்ராய்டில், திரையை மேலிருந்து கீழே இழுத்தால் யூஎஸ்பி பற்றிய அறிவிப்பு ஒன்று நிற்கும். அதைத் தட்டி, 'சார்ஜ் மட்டும்' என்பதைக் 'கோப்புப் பரிமாற்றம்' என்று மாற்றுங்கள். கணினியில் கைப்பேசியின் பெயர் உடனே தோன்றும்.

உள்ளே டிசிஐஎம் என்றொரு கோப்புறை இருக்கும். டிஜிட்டல் கேமரா இமேஜஸ் என்பதன் சுருக்கம். 1998-இல் ஜப்பானியத் தொழில்துறையினர் கேமராக்களுக்கு வகுத்த பொது விதியிலிருந்து வந்த பெயர்; நாம் பிறப்பதற்கு முன்பே வந்தது, இன்னும் நம் சட்டைப்பையில் இருக்கிறது! நீங்கள் எடுத்த படங்கள் அதனுள் 'கேமரா' கோப்புறையில் இருக்கும். புலனத்தில் வந்தவை அங்கே இருக்கா. அவற்றுக்குத் தனிக் கோப்புறை உண்டு.

இப்போது 'காப்பி' செய்யுங்கள். 'கட்' வேண்டவே வேண்டாம். பாதியில் ஒயர் ஆடிவிட்டால் எது போனது, எது வந்தது என்று தேடி அலையணும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை, அளவு ஒத்துப்போகிறதா பாருங்கள். நடுவில் நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். அழிக்கிற வேலை அதற்கப்புறம்தான்.

ஐபோன்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. "இந்தக் கணினியை நம்பலாமா?" என்று கேட்கும், நம்பலாம் என்று சொல்லுங்கள். 2017 முதல் ஐபோன் ஹெய்க் என்ற வகையில் படம் சேமிக்கிறது. சில கணினிகளில் அது திறக்காது. ஐகிளவுடில் 'இடத்தைச் சிக்கனப்படுத்து' என்பது ஓடிக்கொண்டிருந்தால், கைப்பேசியில் இருப்பது சிறிய நகலாக இருக்கலாம். அப்படியானால் மூலத்தை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்.

"கூகுள் போட்டோஸ்தான் இருக்கே" என்பீர்கள். இருக்கு. ஆனால் 2021 ஜூன் 1 முதல் எல்லையில்லா இலவசம் நின்றுவிட்டது. மின்னஞ்சல் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். தவிர, அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் கைப்பேசியிலும் சேர்ந்தே போகும். 'இடத்தை விடுவி' என்பது வேறு. அது கைப்பேசியில் உள்ளதை மட்டும் நீக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதவர்கள் நம்மில் உண்டு.

கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது '2024-02-24 மாசி மகம்' என்று ஆண்டை முதலில் போடுங்கள். தானாகவே வரிசையில் நிற்கும். படத்தைத் திருத்த கிம்ப் போன்ற இலவச மென்பொருளே போதும். மூலத்தைத் தொடாமல் நகலில் கைவையுங்கள். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் தேயும்.

மடிக்கணினியில் ஏற்றியாச்சு, வெளி வன்தட்டிலும் ஒரு நகல் வைச்சாச்சு. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால்? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளமே தண்ணீருக்குள் இருந்ததைப் பார்த்தோமே. அப்படியொரு நாளில் இரண்டும் சேர்ந்தேதான் முங்கும். புகைப்படக்காரர்கள் மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் வன்தட்டு இப்போது பூலாவ் செபாங்கில் அத்தை வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் போகும்போது புதுப் படங்களை ஏற்றிவிட்டு வருவேன்.

அந்த அத்தை வீட்டு மேசை இழுப்பறையில்தான் தம்பியின் பழைய கைப்பேசி கிடைத்தது. திரை உடைந்து, தொட்டால் வேலை செய்யாது. ஆனால் வெளிச்சம் வந்தது. பூட்டைத் திறக்காமல் கணினி எதையும் காட்டாதே! ஓடிஜி என்கிற சின்ன இணைப்பானை மாட்டி, அதில் கணினி மௌஸைச் செருகினேன். திரையில் அம்புக்குறி வந்தது. அதாலேயே கடவு எண்ணை அழுத்தித் திறந்தேன். மாசி மகத்தன்று அவனும் படம் எடுத்திருக்கிறான், ஒன்பது படங்கள். ஒன்றில் பாட்டி பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேராகப் பார்த்துச் சிரிக்கிறாங்க. 4000-க்கு 3000.

முதல் வருஷத் திதிக்கு அதைத்தான் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம்.