காரை இறக்கப் போறியா தம்பி? முதல்ல இதைப் படி

சனிக்கிழமை ஸ்பிரிங் மாத்திக் காரோட உயரத்தை இறக்கிட்டு, ஞாயித்துக்கிழமையே சுங்கை பாலாஸ் டீத்தோட்டத்துல படம் எடுக்கப் போற தம்பிங்களுக்குத்தான் இதை எழுதுறேன். கேமரன் மலை ரிங்லெட்ல எங்க வீட்டுக்காரர் பட்டறையில 18 வருஷமா பில் போடுறேன். டயரோட உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ஞ்ச பிறகு ஓடிவர்ற பிள்ளைங்களைப் பாத்துப் பாத்து வயிறு எரியுது. காரை இறக்காதேன்னு சொல்லமாட்டேன். ஆனா இறக்குறதும் சக்கர அலைன்மென்ட்டும் ஒரே வேலை. பாதியை மட்டும் செஞ்சுட்டு வராதே.

1. எவ்வளவு இறக்கலாம்னு நீ ஓட்டுற ரோட்டைப் பாத்து முடிவு பண்ணு. கோலாலம்பூர் பையன் இறக்கின அளவு நமக்கு ஆகாது. சுங்கை பாலாஸ் பாதை எவ்வளவு குறுகல்னு தெரியும்ல? எதிர்ல லேண்ட் ரோவரோ கொழுந்து லாரியோ வந்தா, தார் விளிம்பை விட்டு இறங்கி ஒதுங்கணும். ரொம்ப இறக்கியிருந்தா, ஒரு பக்கச் சக்கரம் இறங்கினதுமே வண்டி வயிறு தரையில தட்டும். 25, மிஞ்சிப் போனா 30 மில்லிமீட்டர் போதும். வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் நாலு மூலையையும் அளந்து எழுதி வை. சக்கரத்தோட நடுவுலேர்ந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளக்கணும். தரையிலேர்ந்து அளந்தா, டயர்ல காத்து குறைஞ்சாலே கணக்கு தப்பிடும்.

2. ஸ்பிரிங்கை வெட்டாதே. கிரைண்டர்ல ஒரு சுருளை அறுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு சொல்ற ஆளை நம்பாதே. வெட்டின ஸ்பிரிங் இறுகிப் போகும், பழைய அப்சோர்பரால அதை அடக்க முடியாது, வளைவுல வண்டி துள்ளும். பள்ளத்துல சக்கரம் தொங்குறப்போ ஸ்பிரிங் இடம் நழுவினாலும் நழுவும். கையில காசு இல்லையா, ரெண்டு மாசம் பொறுத்துக்கோ.

3. டை ராட் முனையும் பால் ஜாயின்ட்டும் ஆடுதான்னு முதல்ல பாரு. ஆடுற சாமானை வச்சுக்கிட்டு அலைன்மென்ட் செய்றது வீண் செலவு.

4. இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. ரப்பர் புஷ் போல்ட்டை, வண்டி நாலு சக்கரத்துலயும் நிக்கிறப்போதான் கடைசியா இறுக்கணும். ஜாக்கில தூக்கியிருக்கிறப்போ லோவர் ஆர்ம் கீழே தொங்கும். அப்பவே இறுக்கினா ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும். வண்டியை ஜாக்கிலேர்ந்து இறக்கினதும், பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கிட்டே கிடக்கும், சீக்கிரமே கிழியும். என் கூடப்பிறந்த தம்பி வேற ஊர்க் கடையில ஸ்பிரிங் மாத்திட்டு வந்தான். மூணு தடவை அலைன்மென்ட் செஞ்சும் கார் ஒரு பக்கமாவே இழுத்துச்சு. கழட்டிப் பாத்தா புஷ் கிழிஞ்சு தொங்குது. போர்மேன்கிட்ட முன்கூட்டியே சொல்லிடு. அவர் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

5. வண்டி இறங்கினா சக்கரத்தோட தலை உள்பக்கம் சாயும், அது கேம்பர். முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும், அது டோ. டயரைச் சீக்கிரம் தின்னுறது டோதான். அதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லு. கேம்பர் 1லேர்ந்து 1.5 டிகிரி வரை உள்ளே சாய்ஞ்சிருந்தா ரோட்டுக்குப் போதும். அழகா இருக்குன்னு அதுக்கு மேல சாய்க்காதே. டயர் முழுசா ரோட்டைத் தொடாம, மழையில பிரேக் அடிச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். நம்ம மலையில மழை இல்லாத நாள் எத்தனை?

சத்ரியா மாதிரி வண்டிக்கு முன்பக்கம் கேம்பர் போல்ட் போட்டுத் திருத்தலாம். பழைய இகே சிவிக் வச்சிருக்கிறவங்க கேம்பர் கிட்டுக்கும் காசு ஒதுக்கி வைங்க. கம்பெனி கொடுத்தபடி அந்த வண்டியில டோவை மட்டும்தான் திருத்த முடியும்.

6. அலைன்மென்ட் கடையில:
- நாலு டயருக்கும் காத்து சரிபாத்துட்டுத்தான் மிஷின்ல ஏத்தணும்.
- பூட்ல கிடக்கிற முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கி வை. அரை டாங்கி எண்ணெய் இருக்கட்டும்.
- நாலு சக்கரத்துக்கும் கேளு. முன் டோவை மட்டும் திருத்திட்டுச் சாவியைக் கொடுத்தா வாங்காதே.
- திருத்துறதுக்கு முன்னே ஒரு பிரிண்ட், திருத்தின பின்னே ஒரு பிரிண்ட் வாங்கிப் பத்திரப்படுத்து.

7. புது ஸ்பிரிங் ஓட ஓட இன்னும் கொஞ்சம் உட்காரும். 500 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி அளந்து, இன்னொரு தடவை அலைன்மென்ட் செய். இந்த ரெண்டாவது தடவைக்கான காசை ஸ்பிரிங் வாங்குற அன்னைக்கே எடுத்து வை.

8. ஓட்டிப் பாக்குறதுக்குத் தாப்பா வளைவுப் பாதை வேணாம். கீழே சிம்பாங் பூலாய் பக்கம் நேரான ரோட்டுல, கையை லேசா வச்சு ஓட்டிப் பாரு. தண்ணி வடியறதுக்காக ரோடு இடப்பக்கம் சரிஞ்சிருக்கும், அதனால மெதுவா இடப்பக்கம் போனா பயப்படாதே. வெடுக்குன்னு இழுத்தா கடைக்குத் திரும்பு. அன்னிக்கு ராத்திரியே சுவர்ல லைட் அடிச்சு வெளிச்சம் எங்கே விழுதுன்னும் பாத்துடு. முன்பக்கம் அதிகமா இறங்கியிருந்தா வெளிச்சம் கிட்டவே விழுந்துடும், பனிமூட்டத்துல வளைவு தெரியாது.

9. பழைய ஸ்பிரிங்கை இரும்புக்குப் போட்டுடாதே. கார் கைமாறுறப்போ வண்டிச் சோதனை இருக்கு, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரோட்டுல நிறுத்திக் கேள்வி கேட்கவும் செய்யும், அப்போ பழையதைத் திரும்பப் போட வேண்டி வரலாம். இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் முதல்லயே சொல்லி வை.

10. மாசம் ஒரு தடவை வண்டியை நிறுத்திட்டு, ஸ்டீரிங்கை ஒரு பக்கமா முழுக்க ஒடிச்சு, உள்ளங்கையால டயரைக் குறுக்கே மெதுவா தடவிப் பாரு, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். ஒரு திசையில வழவழன்னும் மறுதிசையில தேங்காய்த் துருவி மாதிரி சொரசொரன்னும் இருந்தா டோ தப்பியிருக்குன்னு அர்த்தம். கண்ணுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. அந்த வாரமே கடைக்குப் போயிடு.