காடையின் இயல்பும் வளர்ப்பும்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல்லும் அறுத்தபின், தாள் நிற்கும் வயல்வழியே நடப்போர், காலடியினின்று விர்ரென எழுந்து, சிறிது தொலைவிலேயே வீழ்ந்து மறையும் சிறு பறவையைக் கண்டிருத்தல் கூடும். அது காடை. பண்டைத் தமிழர் இதனைக் குறும்பூழ் என்றனர். பரத்தையர் சேரியினின்று மீண்ட தலைவன், தான் குறும்பூழ்ப் போர் கண்டு வந்ததாகக் கூறித் தலைவியின் சினத்தினின்று தப்ப முயலுதலைக் கலித்தொகையில் மருதக்கலி பயின்றார் அறிவர். இஸ்ரவேலர் வனாந்தரத்திலிருந்தபோது அவர்தம் பாளையத்தை மூடியதும் காடையே என யாத்திராகமம் கூறும்.

இப்பறவையினத்துள் இரண்டினை நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று நம் நாட்டுக் காட்டுக் காடை. அதனுள் மழைக்காடை என்பது, 'கோரமண்டலிக்கா' எனச் சோழமண்டலக் கரையின் பெயரையே தன் அறிவியற் பெயரிற் கொண்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக் காடைகளைப் பிடித்தலையும் கொல்லுதலையும் விலக்குகின்றது. மற்றொன்று பண்ணைகளில் வளரும் ஜப்பானியக் காடை. ஜப்பானியர் இதனை முதலில் அதன் குரலுக்காக வளர்த்தனர். முட்டைக்கும் இறைச்சிக்குமாகப் பெருக வளர்த்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாம். இது 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவினின்று நம் நாட்டு இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்திற்குக் கொண்டுவரப்பெற்றுப் பின்னர் எங்கும் பரவிற்று.

நிற்க. இக்கட்டுரை எழுதப் புகுந்த காரணத்தை ஈண்டு மறையாது கூறுதல் கடன். சென்ற கோடை விடுமுறையின் இறுதியில், எம் தாயார் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, யாமும் எம் தம்பியும் நூறு காடைக் குஞ்சுகளை வாங்கி, வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் விட்டோம். கல்லூரிச் சம்பளத்திற்கு அவை உதவும் என்பது எம் எண்ணம். மூன்றாம் நாள் இரவு எடவப்பாதி மழை வலுத்தது, மின்சாரம் நின்றது, விளக்கு அணைந்தது, யாமோ உறங்கினோம். விடியலிற் சென்று நோக்கியபோது, குளிர் தாங்காது ஒரு மூலையில் ஒன்றன்மேலொன்றாய் நெருங்கி மூச்சடைத்தனவும், தண்ணீர்த் தட்டில் வீழ்ந்து மூழ்கினவுமாக 41 குஞ்சுகள் மாண்டு கிடந்தன. கோழிக்குஞ்சாயின் தாயின் சிறகு இருக்கும், இவற்றிற்கு யார் உளர் என எம் தாயார் வருந்திக் கூறினார். அச்சொல்லின் பொருளைப் பின்னர் நூல்களிற் கண்டோம்.

காட்டுக் காடை புற்களிடையே தானே அடைகாத்துக் குஞ்சுகளைச் சிறகின்கீழ் அணைத்துப் பேணும். பண்ணைக் காடையோ, பல தலைமுறையாக மனிதனால் முட்டைக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டமையின், அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. அதன் முட்டையைக் கருவியிலேனும் அடைக்கோழியின் கீழேனும் வைத்தல் வேண்டும். கோழிமுட்டை பொரிய 21 நாள் செல்லும். காடைமுட்டைக்கு 17 அல்லது 18 நாளே போதும். வெளிப்படும் குஞ்சின் எடை ஏறக்குறைய 8 கிராம். இத்துணைச் சிற்றுடல் தன் வெப்பத்தைத் தானே காக்கமாட்டாது. ஆதலின் முதல் வாரத்தில் 35 முதல் 37 பாகை வரையிலான வெப்பம் அளித்து, வாரந்தோறும் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். மூலையில் நெருங்காதபடி வட்டமாகத் தடுப்பு அமைத்தலும், தண்ணீர்த் தட்டிற் கூழாங்கற்களை இட்டு ஆழத்தைக் குறைத்தலும் இன்றியமையாதன.

இவ்வளவு பேணினால் அது தரும் பயனும் சிறிதன்று. ஐந்து வாரத்திற்குள் இறைச்சிக்குரிய வளர்ச்சி பெறும். ஆறு, ஏழு வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். முட்டை 10 முதல் 12 கிராம் எடையினதாயினும், பெட்டையின் உடலெடையோடு ஒப்பிடின் கோழிமுட்டையினும் பெரிதேயாம். மார்பு செந்நிறமாய் இருப்பது சேவல். புள்ளிகள் நிறைந்திருப்பது பெட்டை. ஒரு கோழிக்கு வேண்டும் இடத்தில் எட்டு முதல் பத்துக் காடைகள் வரை வளர்க்கலாம்.

முட்டையிடுதலுக்குத் தீவனம் மட்டும் போதாது, ஒளியும் வேண்டும். பகல் நீளும் பருவத்திலேயே இனம் பெருக்குவது இதன் பிறப்பியல்பு. எனவே வளர்ப்போர் விளக்கொளியால் நாளொன்றிற்கு ஏறக்குறைய 16 மணி நேர வெளிச்சம் அளிக்கின்றனர். கண்ணின் வழியேயன்றி, மண்டையோட்டினூடு புகும் ஒளியைக் காடையின் மூளையினுள்ளேயே உள்ள சில உயிரணுக்கள் நேரே உணர்கின்றன. அங்ஙனம் ஒளியுணரும் புரதமொன்றை ஜப்பானிய அறிஞர் 2010ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். அதற்கு முன்னரே, 1969ஆம் ஆண்டில், நிக்கோல் லெ துவாரன் என்னும் பிரெஞ்சு அம்மையார், காடைக் கருவின் அணுக்களைக் கோழிக் கருவில் ஒட்டிவைத்து, உடலின் எவ்வுறுப்பு எவ்வணுவினின்று தோன்றுகின்றது எனப் பின்தொடர்ந்து அறியும் வழியைக் கண்டார். 1990ஆம் ஆண்டில் மீர் என்னும் விண்வெளி நிலையத்திற் பொரிந்ததும் காடைக் குஞ்சே.

இனி, வளர்ப்போர் பலர் பிழைபடும் இடம் ஒன்றுண்டு. விற்றது போக எஞ்சியவற்றையே மீண்டும் மீண்டும் இணைசேர்ப்பின், உடன்பிறந்தவை உடன்பிறந்தவற்றோடு கூடும். இத்தீங்கு காடையிற் கோழியினும் விரைந்து தோன்றும், முட்டைகள் பொரியா, பொரிந்தவையும் நிலையா, சில தலைமுறைகளில் அக்குலமே அற்றுப்போதலும் உண்டு. ஆதலின் வேற்றுக் குலத்துச் சேவல்களைக் காலந்தோறும் கொணர்தலும், எப்பெட்டை எச்சேவலின் வழியது எனக் குறித்து வைத்தலும் வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'நந்தனம் காடை' போன்ற தேர்ந்த இனங்கள் இத்தகைய கணக்கிலும் தெரிவிலும் விளைந்தவையே.

எஞ்சிய 59 குஞ்சுகளுக்குத் தகரத்தால் வட்டத் தடுப்பு இட்டோம். தட்டிற் கூழாங்கல் பரப்பினோம். மின்சாரம் நின்றால் உதவுமாறு மண்சட்டியில் தணல் ஆயத்தம் செய்து, யாமும் தம்பியும் முறைவைத்து விழித்திருந்தோம். அதன்பின் இறந்தவை மூன்றே. தாயாரின் பணத்திற் பாதியே மீண்டதாயினும், அடுத்த தொகுதி வாங்க அவரே இசைந்தார்.

இதனால் யாம் உணர்ந்தது இது: ஓர் உயிரினிடத்துள்ள தாய்மையை நம் பயன்கருதி நீக்கியபின், அத்தாய்மையின் கடமை நம்மையே சாரும். கருவியின் வெப்பமும், விளக்கின் ஒளியும், குலக்கணக்கும் அக்கடமையின் உறுப்புக்களே. விடுமுறையில் ஊர் சென்று காடை வளர்க்க விரும்பும் எம் தோழர்கள், குஞ்சு வாங்குவதற்கு முன் அதன் இயல்பை அறிவாராக. வாங்கியபின் முதற் சில இரவுகள் உறங்காதிருப்பாராக.