வீடு ஒரு மாநிலம், வேலை இன்னொரு மாநிலம்: வரி எங்கே?

குருநாகலில் வீட்டை வைத்துக்கொண்டு கொழும்பில் தொழில் செய்பவர் வருமான வரி விபரத்திரட்டை ஒரே திணைக்களத்துக்குத்தான் கொடுக்கிறார். நமது மாகாணங்கள் வருமான வரி அறவிடுவதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. மத்திய அரசின் வரிக்கு மேலதிகமாக, பெரும்பாலான மாநிலங்கள் தமக்கெனவும் வருமான வரி அறவிடுகின்றன. அங்குள்ள நம் பிள்ளைகள் சில மாத வேலைக்காக வேறு மாநிலம் போகும்போது இதில்தான் தடுமாறுகிறார்கள். என்னிடம் இதைக் கேட்ட பெற்றோருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

அடிப்படை விதிகள் இரண்டு. நிரந்தர வீடுள்ள மாநிலம், எங்கே உழைத்தாலும் முழு வருமானத்துக்கும் வரி கேட்கும். வேலை செய்த மாநிலம், தன் எல்லைக்குள் உழைத்த பகுதிக்கு மட்டும் கேட்கும்.

அப்படியானால் ஒரே பணத்துக்கு இரண்டு வரியா? இல்லை. வெளி மாநிலத்தில் கட்டிய வரியை வீட்டு மாநிலம் பொதுவாகக் கழித்துக் கொடுக்கும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே வெளி மாநில விபரத்திரட்டை முதலில் தயாரித்து, அதில் வரும் தொகையை வீட்டு மாநில விபரத்திரட்டில் காட்ட வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. அதே வருமானத்துக்கு வெளி மாநில வரி 600 டொலர், வீட்டு மாநில வரி 800 டொலர் என்றால், வீட்டு மாநிலத்துக்கு மீதி 200 கட்ட வேண்டும். வெளி மாநில வரி 1,000 ஆனால், 800 வரையே கழிவு. மேலதிக 200 திரும்பி வராது.

டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் தனிநபர் வருமான வரி இல்லை. ஆனாலும் டெக்சாஸ்காரர் கலிபோர்னியாவில் உழைத்தால் கலிபோர்னியாவுக்குக் கட்டத்தான் வேண்டும். நியூஜேர்சியும் பென்சில்வேனியாவும் தமக்குள் ஒப்பந்தம் செய்திருப்பதால், அங்கு சம்பளத்துக்கு வீட்டு மாநிலம் மட்டுமே வரி அறவிடும். வியாபார இலாபத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்பதை வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

நாட்கணக்கும் முக்கியம். நியூயோர்க்கில் நிலையான தங்குமிடம் வைத்து, வருடத்தில் 183 நாட்களுக்கு மேல் இருந்தால் அங்கும் வதிபவராகக் கருதப்படலாம். நாளின் ஒரு பகுதி இருந்தாலும் முழு நாளாகவே எண்ணுவார்கள்.

எனவே பயணச்சீட்டு, வாடகைப் பற்றுச்சீட்டு, சம்பளச் சிட்டை யாவற்றையும் திகதிவாரியாக வைத்திருக்கச் சொல்லுங்கள். கேள்வி வரும்போது எழுத்தில் உள்ள கணக்குத்தான் கைகொடுக்கும்.