குதிரை மேல் கட்டிய பாட்டு

கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி வேலை தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். இவர்களில் பலர் மெதடிஸ்ட் சபையினர். அந்தச் சபையின் பாட்டுகளில் பல, சார்லஸ் வெஸ்லி எழுதியவை.

சார்லஸ் 1707-இல் பிறந்தார். அண்ணன் ஜானைப் போலவே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரி வெட்டுபவர்களிடம் திறந்த வெளியில் பேசினார். எல்லா ஊரிலும் வரவேற்பு கிடைக்கவில்லை. 1743-இல் கார்ன்வாலில் ஒரு கும்பல் கூட்டத்துக்குள் புகுந்து பெஞ்சுகளை உடைத்தது.

அந்தத் தொழிலாளர்கள் பலருக்கு எழுத்து தெரியாது. பாட்டுப் புத்தகம் கொடுத்து என்ன பயன்? அதற்கும் ஒரு வழி இருந்தது. ஒருவர் இரண்டு வரி படிப்பார். எல்லாரும் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பிறகு அடுத்த இரண்டு வரி. நம் ஊரில் நாற்று நடும்போது ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதுபோலத்தான். இப்படியே பாட்டு மனப்பாடம் ஆனது.

சார்லஸ் ஆறாயிரத்துக்கும் மேல் பாட்டுகள் எழுதினார். வயதான பிறகும் குதிரை மேல் போகும்போதே பாட்டுக் கட்டுவார். சட்டைப்பையில் இருக்கும் அட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்வார். வீட்டு வாசலில் இறங்கியதும், “பேனா, மை!” என்று கத்துவாராம். எழுதி முடித்த பிறகுதான் அங்கே இருப்பவர்களை நலம் விசாரிப்பார்!

1788-இல் படுத்த படுக்கையானார். பேனா பிடிக்கக் கையில் வலு இல்லை. மனத்தில் இன்னும் ஒரு பாட்டு இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, மனைவி சாரா எழுதிக்கொண்டார்.