வெள்ளாடு வளர்ப்பு: சிறுதொழிலாகத் தொடங்கும் முன்

வெள்ளாட்டை ஏழையின் பசு என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். நிலமில்லாத குடும்பமும் இரண்டு ஆடுகளை வளர்க்க முடியும். மருத்துவச் செலவோ திருமணச் செலவோ நேரும்போது ஓர் ஆட்டை விற்று அன்றே பணமாக்கிக் கொள்ளவும் முடியும். 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14.89 கோடி வெள்ளாடுகள் இருந்தன. 2012ஆம் ஆண்டில் இத்தொகை 13.52 கோடியாக இருந்தது. எண்ணிக்கையில் ராஜஸ்தான், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் முன் நிற்கின்றன.

எனினும் வீட்டில் இரண்டு ஆடு வளர்ப்பதும், கடன் பெற்று ஆட்டுப் பண்ணையைச் சிறுதொழிலாக நடத்துவதும் ஒன்றல்ல. முன்னதில் ஓர் ஆடு இறந்தால் சேமிப்பு குறைகிறது. பின்னதில் ஆடு இறந்தாலும் கடன் இறப்பதில்லை. ஆகவே புதிதாகத் தொடங்குவோரும் அவர்களுக்கு வழிகாட்டும் அலுவலர்களும் எத்தனை ஆடு வாங்குவது என்பதற்கு முன், பிறக்கும் குட்டிகளில் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதையே முதற்கண் எண்ண வேண்டும்.

இலாபம் நிற்கும் இடம்

பத்துப் பெட்டை ஆடுகள் கொண்ட ஒரு மந்தையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். நல்ல பராமரிப்பில் ஒரு பெட்டை இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை ஈனும். ஓர் ஈற்றுக்குச் சராசரி ஒன்றரைக் குட்டி எனக் கொண்டால் இரண்டு ஆண்டுகளில் 45 குட்டிகள் பிறக்கும். நூற்றுக்கு ஐந்து இறந்தால் 43 குட்டிகள் மிஞ்சும். நூற்றுக்கு முப்பது இறந்தால் 31 குட்டிகளே மிஞ்சும். தாய் ஆடுகளுக்கான தீவனமும் உழைப்பும் கடன் வட்டியும் இரு நிலையிலும் ஒன்றுதான். இடையில் மறைந்து போகும் பன்னிரண்டு குட்டிகளே பண்ணையாளரின் இலாபம். தாளில் எழுதும் திட்ட மதிப்பீட்டில் இந்த இழப்பு பெரும்பாலும் இடம் பெறுவதில்லை.

இடத்திற்கேற்ற இனம்

புகழ்பெற்ற இனம் என்பதற்காகத் தொலைவிலிருந்து ஆடு வாங்குவது தொடக்கநிலையில் செய்யப்படும் தவறுகளில் ஒன்று. உத்தரப் பிரதேசத்தின் எடாவா மாவட்டத்தில் யமுனை, சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்குகளைத் தாயகமாகக் கொண்ட ஜமுனாபாரி உயர்ந்த உடலும் நீண்ட தொங்கு காதுகளும் உடையது. புதர்த் தழைகளைக் கடித்து மேய்ந்து பழகிய இந்த ஆடு, ஈரப்பதம் மிகுந்த இடங்களில் குறுகிய கொட்டிலில் அடைபட்டால் எளிதில் நலிவுறும். ஆக்ரா, மதுரா பகுதிகளின் பார்பரி உருவிற் சிறியது. கொட்டில் வளர்ப்புக்கு இசைவது. இரட்டைக் குட்டிகளை ஈனும் இயல்பினது. வங்காளம், பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளின் கருப்பு வங்காள ஆடு எடை குறைந்ததாயினும் குட்டி ஈனும் திறனுக்கும் தோலின் தரத்திற்கும் பெயர் பெற்றது. வறண்ட ராஜஸ்தானுக்குச் சிரோஹி ஏற்றது. தொடங்குவோர் தம் வட்டாரத்தில் பல தலைமுறையாக வாழும் இனத்திலேயே திடமான ஆடுகளைத் தேர்வது நன்று.

தீவனம் முதலில், ஆடு பின்னர்

25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர் பொருள் தேவை. பத்து ஆடுகளுக்குப் பத்துக் கிலோ. பசுந்தீவனத்தில் பெரும்பகுதி நீராதலால், முழுத் தேவையையும் பசுந்தீவனத்தால் நிறைவு செய்ய நாள்தோறும் 40 கிலோ அளவுக்கு வேண்டியிருக்கும். மேய்ச்சலில் பாதி கிடைத்தாலும் மீதி 20 கிலோவுக்கு வழி காண வேண்டும். கோடையில் இது எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே ஆடு வாங்கத் தகும்.

மரங்களே இதற்குத் தக்க துணை. ராஜஸ்தான் உழவர்கள் வன்னி மரத் தழையையும் இலந்தைத் தழையையும் உலர்த்திச் சேமித்து, பசுமை இல்லாத மாதங்களில் ஆடுகளுக்கு இடுகின்றனர். பிற பகுதிகளில் அகத்தி, சூபாபுல், வேம்பு முதலியவற்றை வேலியோரம் வளர்க்கலாம். சூபாபுல் தழையில் நச்சுத்தன்மையுள்ள ஒரு பொருள் இருப்பதால் அதை மட்டுமே தீவனமாக்காமல் பிற தழைகளோடு கலந்து அளிக்க வேண்டும். பொது மேய்ச்சல் நிலங்கள் சுருங்கி வரும் ஊர்களில் மந்தையின் அளவை முடிவு செய்ய வேண்டியது கடன் தொகையன்று, தழையின் அளவே.

கொட்டிலும் வாங்கும் முறையும்

கொட்டிலுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வளர்ந்த பெட்டை ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி இடம், ஒழுகாத கூரை, காற்றோட்டம், ஈரம் தேங்காத தரை ஆகியன போதும். மழை மிகுந்த இடங்களில் மூங்கில் அல்லது மரச் சட்டங்களால் பரண் அமைத்தால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்து தரை உலர்ந்திருக்கும். குட்டிகள் நனைவதும் குறையும்.

சந்தையில் பல ஊர் ஆடுகள் கலப்பதால் நோயும் கலக்கிறது. இயன்றவரை அறிந்த வளர்ப்போரிடமிருந்து, ஓரிரு ஈற்றுக் கண்ட இளம் பெட்டைகளை வாங்குவது பாதுகாப்பானது. எங்கு வாங்கினாலும் மூன்று நான்கு வாரம் தனியே வைத்துக் குடற்புழு நீக்கம் செய்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும். இருபது பெட்டைகளுக்கு ஒரு நல்ல கிடா போதும். அதன் மகள்களோடு அதுவே சேராதவாறு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடாவை மாற்றுதல் இன்றியமையாதது.

குட்டியின் முதல் நாட்கள்

பிறந்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் குட்டி சீம்பால் அருந்த வேண்டும். நோய் எதிர்ப்பு ஆற்றல் தாயிடமிருந்து குட்டிக்குச் செல்வது அப்பாலின் வழியேதான். பால் குடிக்கவிடாமல் காத்திருக்கும் பழக்கம் சில வட்டாரங்களில் உண்டு. அதை மாற்றுவது எந்த மருந்தையும்விட மலிவான சிகிச்சை. தொப்புள் கொடியை அறுத்த இடத்தில் அயோடின் தடவுதல், குளிரிலும் ஈரத்திலும் இருந்து காத்தல், மூன்று குட்டி ஈன்ற தாய்க்கு அடர்தீவனம் கூட்டித் தருதல் ஆகியன ஒரு குடும்பம் தன் கையாலேயே செய்யக் கூடியவை. இப்பணிகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். ஆயினும் பயிற்சி முகாம்களுக்கு ஆண்களே அழைக்கப்படுவது கவனத்திற்குரியது.

கொள்ளை நோயைத் தடுத்தல்

ஆட்டுக் கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் விழுப்புரம் வட்டாரத்தைச் சேர்ந்த அரசூரில் செம்மறி ஆடுகளில் கண்டறியப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவியது. காய்ச்சல், வாய்ப்புண், மூக்கொழுக்கு, கழிச்சல் எனத் தொடங்கும் இந்நோய் சில நாட்களில் ஒரு மந்தையையே அழிக்க வல்லது. இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் முக்தேஸ்வர் வளாகத்தில் இதற்கான தடுப்பூசி உருவாக்கப்பட்டது. மூன்று மாதம் நிறைந்த குட்டிகள் முதல் இதைப் போடலாம். ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகள் வரை காக்கும். துள்ளுமாரி நோய்க்கும் கோமாரி நோய்க்கும் உரிய காலத்தில் தடுப்பூசி போட வேண்டும்.

தடுப்பூசி இருப்பது வேறு, அது ஊர் வந்து சேர்வது வேறு. இந்த இடைவெளியைக் குறைக்கப் பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களில் மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்களே பயிற்சி பெற்று, 'பசு சகி', அதாவது கால்நடைத் தோழி, என்னும் பெயரில் வீடு வீடாகச் சென்று குடற்புழு மருந்து தருதல், தீவன ஆலோசனை கூறுதல் போன்ற பணிகளைச் செய்கின்றனர். அறிவியல் முறைப் பயிற்சி பெற விரும்புவோருக்கு 1979ஆம் ஆண்டில் மதுரா மாவட்டத்தின் மக்தூமில் தொடங்கப்பட்ட மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் உதவுகின்றன.

கடனும் தவணையும்

1978ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1999 வரை நடந்த அத்திட்டத்தில் கால்நடைகள் ஏராளமாக வழங்கப்பட்டன. ஆனால் மருத்துவமும் தீவனமும் சந்தையும் உடன் சேராத இடங்களில் வழங்கிய சொத்து நிலைக்கவில்லை. இன்றைய திட்டங்களுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

2021-22ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தின்கீழ் 100 பெட்டைகளும் 5 கிடாக்களும் கொண்ட இனப்பெருக்கப் பண்ணைக்கு மூலதனச் செலவில் 50 விழுக்காடு, 10 இலட்சம் ரூபாய் வரம்புக்கு உட்பட்டு, மானியம் அறிவிக்கப்பட்டது. அனுபவமுள்ளவருக்கு இது நல்வாய்ப்பு. ஆனால் பத்து ஆடுகளை ஓராண்டு காத்துப் பழகாதவர் நூறு ஆடுகளுடன் தொடங்குவது மானியத்தின் ஈர்ப்பால் நேரும் துணிச்சலேயன்றித் தொழில் அறிவன்று.

தவணைக் காலமும் ஆட்டின் இயல்புக்குப் பொருந்த வேண்டும். சினையுறாத பெட்டையை வாங்கினால் அது சினைப்பட்டு ஈன ஆறேழு மாதமாகும். குட்டி விற்பனைக்கு வளர மேலும் எட்டு முதல் பத்து மாதமாகும். ஆக முதல் வருவாய்க்கு ஒன்றேகால் ஆண்டு காத்திருக்க வேண்டும். முதல் மாதத்திலிருந்தே தவணை கேட்டால் பயனாளி தாய் ஆட்டை விற்றே அதைக் கட்டுவார். கணக்கில் கடன் ஒழுங்காகத் திரும்பி வரும். கொட்டில் காலியாகியிருக்கும். வங்கி அலுவலர் இதனை உணர்ந்து தவணை விடுமுறை அளிப்பது சலுகையன்று, தொழிலின் தேவை. ஆடுகளுக்குக் காதடையாளமிட்டுக் காப்பீடு செய்வதும் கடனோடு சேர்ந்தே நடைபெற வேண்டும்.

விற்பனை

ஊருக்குள் வரும் வியாபாரி கண்ணளவில் விலை பேசுகிறார். எடையறியாத வளர்ப்பாளர் அங்கே இழக்கிறார். ஒரு குழுவுக்கு ஒரு தொங்கு தராசு இருந்தால் பேரத்தின் போக்கே மாறும். பக்ரீத் போன்ற பண்டிகைகளில் கிடாக்களுக்கு நல்ல விலை கிடைப்பதால் இனச்சேர்க்கைக் காலத்தை முன்கூட்டியே திட்டமிடலாம். ஆண்டுதோறும் பிறை கணக்கில் பண்டிகை முன்னே நகர்வதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஆகவே தொழில் தொடங்கும் வரிசை தெளிவானது: முதலில் தழை, அடுத்துக் கொட்டில், பிறகு பயிற்சியும் தடுப்பூசிக்கான ஏற்பாடும், இறுதியில் ஆடு. இவ்வரிசை தலைகீழானால் ஆடு வாங்கிய நாளே திட்டம் நிறைவேறியதாகப் பதிவேட்டில் எழுதப்படும். ஓராண்டு கழித்து அந்த வீட்டில் எத்தனை குட்டிகள் உயிரோடு நிற்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கும் அலுவலரே தம் பணியின் உண்மைப் பயனை அறிவார்.