படத்தின் அகலமும் உயரமும்: சி மொழியில் ஒரு வழி

ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் ஏற்றிய போட்டோ "அளவு சரியில்லை" என்று திரும்பி வந்தால், மறுபடியும் கம்ப்யூட்டர் சென்டருக்குக் காசு அழுகிறோம். அந்த அளவை நாம் படிக்கும் சி மொழியிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் சுலபமானது, விண்டோஸ் பி.எம்.பி. கோப்பு. அதன் முதல் இரண்டு பைட் 66, 77. பைட்டுகளை 0-விலிருந்து எண்ணினால், 18-ல் தொடங்கும் நான்கு பைட் அகலம். 22-ல் தொடங்கும் நான்கு பைட் உயரம். கோப்பை பைனரி முறையில் திறந்து, எஃப்சீக் போட்டு 18-க்குப் போய், எஃப்கெட்சி-யால் ஒவ்வொன்றாகப் படியுங்கள். 128, 2, 0, 0 என்று வந்தால்,

128 + (2 × 256) = 640 பிக்சல்.

அவ்வளவுதாங்க!

பி.என்.ஜி. கோப்பு 137, 80, 78, 71 என்று தொடங்கும். அகலம் 16-ல், உயரம் 20-ல். ஆனால் பைட் வரிசை தலைகீழ்: அதே 640 இங்கே 0, 0, 2, 128. இதைப் பழைய கணக்கிலேயே கூட்டினால் 214 கோடியைத் தாண்டும்! அதை நம்பி மெமரி கேட்டால் புரோகிராம் படுத்துவிடும். ஆகவே முதல் பைட்டுகளைப் பார்த்து, எந்த வகை என்று தெரிந்த பிறகே கணக்கு போட வேண்டும்.

நம் போட்டோக்கள் பெரும்பாலும் ஜேபெக். அதில் அளவுக்கு நிலையான இடம் கிடையாது. ஒவ்வொரு பகுதியின் நீளத்தையும் படித்துத் தாண்டித் தாண்டிப் போகணும். 255-ஐ அடுத்து 192 அல்லது 194 வரும் பகுதியில், மூன்று பைட் தள்ளி உயரம் இரண்டு பைட், பிறகு அகலம் இரண்டு பைட்.

லேபில் எழுதிப் பாருங்கள். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே அளவு உங்கள் கையில் இருக்கும்!