சனிக்கிழமைச் சாப்பாடு

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் கதைத்ததைப் பெரியம்மா அன்றிரவே இந்தப் பெரியப்பாவுக்குச் சொல்லிவிட்டா. அவவில் கோபிக்காதே, அவவுக்கு மறைக்கத் தெரியாது. சனிக்கிழமை உன் சிநேகிதியோடு பெரிய ரெஸ்ரோரண்ட் ஒன்றுக்குப் போகிறாயாம், அவளே மேசை பதிந்துவிட்டாளாம், காசும் தானே கட்டுவதாகச் சொன்னாளாம். போவதும் விடுவதும் உன் விருப்பம். இதை மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் அடுத்தவர் காசில் மூன்று தரம் சாப்பிட்டவருக்கு நாலாம் தரம் ஒரு விஷயத்துக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வராது. உன் அப்பா இருந்திருந்தால் இதை அவரே சொல்லியிருப்பார்.

ஆகவே உன் பங்கை நீயே கட்டு. அதற்கு முதல் அந்தப் பங்கு எவ்வளவு என்று பார். மெனுவில் 120 டொலர் என்று போட்டிருந்தால் அது 120 இல் நிற்காது. மத்திய அரசின் வரி 5 வீதம், கியூபெக் வரி 9.975 வீதம், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 18 டொலர். டிப்ஸ் 15 வீதம் என்றால் இன்னொரு 18. ஒரு வாய் வைன் குடிக்க முதலே 156 டொலர். நீ படிப்புக்கு எடுத்த கடனை நினைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பார். டிப்ஸ் மெஷின் முந்தி வரியையும் சேர்த்த தொகையில் வீதம் போட்டுக் காட்டும். 2025 மே 7 முதல் வரிக்கு முந்தின விலையில்தான் காட்டவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. என்றாலும் 18, 20, 25 என்று பொத்தான்கள் வரும். பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்ற கூச்சத்தில் எதையாவது அழுத்திவிடாதே.

ஆனால் 15க்குக் கீழே இறங்காதே. இந்தக் கடிதமே அதற்காகத்தான். போன மாதம் சாப்பாடு வரச் சுணங்கியதென்று உன் சிநேகிதி ஒரு சதமும் வைக்காமல் எழும்பிப் போனாள் என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாயாம். பிள்ளை, அந்தச் சிரிப்பைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. 2025 மே மாதம் கியூபெக்கில் ஆகக் குறைந்த சம்பளத்தை மணிக்கு 16.10 டொலர் ஆக்கினார்கள், டிப்ஸ் வாங்குகிற வேலைக்கு 12.90 தான். மிச்சம் 3.20 சாப்பிட வருகிறவர் கையால் வரும் என்று அரசாங்கமே கணக்குப் போட்டு வைத்தது. அன்று சுணங்கியது குசினியில். தண்டனை வாங்கியது தட்டு ஏந்தி வந்தவர்.

குசினியைப் பற்றி உன் அப்பா உனக்கு அதிகம் சொல்லியிருக்க மாட்டார். 1986 ஆவணியில் 155 தமிழர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்ததை நீ படித்திருப்பாய். அந்தக் காலத்தில் மொன்றியலில் வந்து இறங்கிய எங்களுக்குப் பிரெஞ்சு வராது; கிடைத்தது கோப்பை கழுவுகிற வேலை. அப்பாவும் நானும் ஒரே தொட்டியில் நின்றோம். இடுப்பு மட்டும் ஈரம். கொதிதண்ணியிலும் சவர்க்காரத்திலும் விரலிடுக்கு வெந்து தோல் உரியும். கடை பூட்டின பிறகு முன்பக்கத்தில் டிப்ஸ் பங்கு பிரிக்கிற சத்தம் கதவிடுக்கால் கேட்கும். எங்களுக்கு அதில் ஒரு சதம் வந்ததில்லை. அப்பா ஒருநாள் கேட்டார். அடுத்த கிழமை அவருடைய மணித்தியாலங்களைப் பாதியாக வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் டாக்சி ஓடப் போனது.

இன்றைக்கும் அது பெரிதாக மாறவில்லை. கியூபெக் தொழிற்சட்டப்படி டிப்ஸ் பரிமாறினவருக்கே சொந்தம். முதலாளி அதில் கைவைக்க முடியாது. அது நல்ல பாதுகாப்பு, நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் குசினிக்கும் பங்கு கொடுங்கள் என்று அவர் கட்டாயப்படுத்தவும் முடியாது. பரிமாறுகிறவர்கள் தாங்களாக உடன்பட்டால்தான் உண்டு. மேலே நான் சொன்ன, 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம் டிப்ஸ் மெஷினைத் திருத்தியது, குசினியைத் தொடவில்லை. 2025 மே மாதம் மிஷெலின் கையேடு முதன்முதலாகக் கியூபெக்குக்கு வந்து, மொன்றியலில் யூரோப்பியா, மஸ்தார், சபயோன் என்ற மூன்று ரெஸ்ரோரண்டுகளுக்கும் ஒவ்வொரு நட்சத்திரம் கொடுத்தது. எங்கள் நகரத்துக்குப் பெருமைதான். அந்த மேசைகளின் கோப்பைகளைக் கழுவுகிற பிள்ளைகளின் பெயரையும் யாராவது ஒருநாள் எழுதினால் நான் அந்தப் பத்திரிகையை வெட்டி வைத்திருப்பேன்.

நீ போனால் ஒன்று செய். பில் கட்டும்போது, டிப்ஸ் குசினிக்கும் போகுமா என்று பரிமாறினவரிடம் பிரெஞ்சில் மரியாதையாகக் கேள். இல்லையென்றால் ஐந்து டொலர் தாள் ஒன்றைத் தனியாகக் கொடுத்து, கோப்பை கழுவுகிறவருக்கு என்று சொல். உன் சிநேகிதி ஒரு மாதிரிப் பார்ப்பாள். பார்க்கட்டும். அவள் எப்படிப்பட்டவள் என்று அப்போது உனக்குத் தெரிந்துவிடும்.

வேறு வழியும் இருக்கிறது. டுலுத் தெருவில் வைனை நாங்களே கொண்டுபோகக்கூடிய ரெஸ்ரோரண்டுகள் இருக்கின்றன, செலவு பாதியாகும். பார்க் எக்ஸில் ஜோன்-தலோன் தெருப் பக்கம் போனால் தோசை இருக்கிறது. உண்மையான சிநேகிதியென்றால் அங்கேயும் வருவாள். சனிக்கிழமையை விடுவதென்றால் நேரத்தோடு சொல்லி மேசைப் பதிவை நீக்கச் சொல்; சொல்லாமல் வராமல் விடுகிறவர்களிடம் ஆளுக்கு 10 டொலர் வரை அறவிடலாம் என்று 2025 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. எதுவென்றாலும் உன் முடிவு.

இவ்வளவும் எழுதினதைப் பார்த்துப் பெரியப்பாவுக்கு உன்னில் கோபம் என்று நினைத்துவிடாதே. உன்னைப்போல நல்ல மனமும் கெட்டித்தனமும் உள்ள பிள்ளை எங்கள் குடும்பத்தில் வேறு இல்லை. பெரியம்மாவும் நானும் தினம் சொல்லிக்கொள்வது இதைத்தான். போனால் அந்த நீலச் சட்டையைப் போடு, உனக்கு நல்ல வடிவு. கடிதத்தோடு 200 டொலர் வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே, திருப்பித் தரவும் வராதே. ஆசைப்பட்டதைச் சாப்பிடு, விலையைப் பார்க்காதே. இரவு குளிர், மெத்ரோவுக்கு நிற்காமல் டாக்சியில் வந்து சேர்ந்ததும் போன் அடி. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன். ஞாயிறு முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் வந்து உன்னை ஏற்றுகிறோம். பிறகு வீட்டில் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். உன் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்காக உறைப்பைக் குறைத்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா